கட்டுக்குப் பத்து

“ஏட்டி, எண்ணும்போதாவது வாயத் தொறப்பியா, மாட்டியா?”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பெத்தம்மாள் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். மேஜைகளில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்தில் மாஸ்க் இருந்ததால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. பதில் மட்டும் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி ராஜபாளையத்தைத் தாண்டி, வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஜ் துணியை மடித்துக் கட்டுகிற வேலை. வெட்டி வரும் வலைத்துணியை, பிசிறு வெளியே தெரியாதபடி உள்பக்கமாக மடித்துச் சதுரத் துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நீல நூல் ஓடும். ஆபரேஷன் செய்யும்போது துண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டால், எக்ஸ்ரேயில் அந்த நூல்தான் காட்டிக் கொடுக்கும். பத்துத் துண்டு சேர்ந்தால் ஒரு கட்டு. நூலால் கட்டி, மேஜை நம்பர் எழுதிய சீட்டை அதில் செருகிப் பெட்டியில் போட வேண்டும்.

ஒரு மேஜைக்கு இரண்டு பேர். ஒருத்தி மடிப்பாள். இன்னொருத்தி வாய்விட்டு எண்ணிக் கட்டுவாள். மடித்தவளே எண்ணக் கூடாது என்பது அங்கே சட்டம். “மடிச்ச கைக்குத் தன் வேல மேல நம்பிக்க இருக்கும். நம்பிக்க இருக்கிற கை எண்ணாது” என்பார் பெத்தம்மாள் அக்கா. அவர்தான் எங்கள் ஹாலுக்கு மேற்பார்வை.

பதினாலாம் நம்பர் மேஜையில் நான் மடித்தேன். சிவரஞ்சனி அக்கா எண்ணினாள்.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். வருகைப் பதிவின்போது நான் சொல்லும் ‘பிரசன்ட் மிஸ்’ முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. கேட்காத நாள் எல்லாம் ஆப்சென்ட். ஒருநாள் எழுந்து நின்று பத்துத் தடவை உரக்கச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவைக்கு மேல் குரல் வரவில்லை. பின்னால் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மா கொஞ்ச நாள் திட்டினார், கொஞ்ச நாள் அழுதார், அப்புறம் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்.

ரஞ்சனி அக்கா அப்படி இல்லை. செட்டியார்பட்டியில் இருந்து வருவாள். வேனில் ஏறும்போதே அவள் குரல் கேட்கும். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மார்க்குக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பணம் கட்டிப் படிக்க வழியில்லை. மத்திய அரசின் மருத்துவக் கல்லூரியில் நர்சிங்குக்கு நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், அது ஒன்றுதான் பாக்கி. போன வருஷம் எழுதி நாலு மார்க்கில் விட்டிருந்தாள். இந்த ஒரு தடவை விடுங்கள், இதுவும் இல்லையென்றால் இனிமேல் கேட்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி வகுப்பு. எங்கள் வீடு அங்கேதான் என்பதால், வகுப்பு முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரீட்சை கைடைத் திறந்து என் மடியில் வைப்பாள்.

“கேளுட்டி சப்ரீன்.”

நான் மெதுவாக வாசிப்பேன். அவள் ஒருத்திக்குக் கேட்டால் போதும் என்பதால் என் குரல் வரும்.

“மனுச உடம்புல எலும்பு எத்தன?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? இருநூத்தி ஆறு. பெத்தம்மாக்காவுக்கு மட்டும் இருநூத்தி ஏழு. நாக்குல ஒண்ணு கூட.”

பின் வரிசையில் இருந்து பதில் வரும். “எனக்குக் காதுலயும் ஒண்ணு கூடத்தான்டி, எல்லாம் கேக்குது.”

உயிரியலில் அவள் தடுமாறவே மாட்டாள். இயற்பியல் கணக்குகள்தான் அவளை அழவைக்கும். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் மேஜையில் உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

“ஏட்டி, நீயே மடிச்சு நீயே எண்ணிக் கட்டிக்கிடுவியா? பரீட்ச வர மட்டும்தான். நான் துணிக்குப் பின்னால புஸ்தகத்த வச்சுக்கிடுதேன். முடிஞ்ச பொறவு உன் பங்குக்கும் சேத்து நான் மடிச்சுத் தாரேன்.”

நான் தலையாட்டினேன். சட்டம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் என்னிடம் யாரும் அதுவரை ஓர் உதவி கேட்டதில்லை. பேச வேண்டாத உதவி வேறு. அன்றைக்கு என் கை வேகமாக ஓடியது.

பெத்தம்மாள் அக்கா எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. எண்ண உட்கார்ந்தால் எடுத்த எடுப்பில் ‘ஒண்ணு’ என்று சொல்லக் கூடாது, ‘லாபம்’ என்று தொடங்க வேண்டும், அப்போதுதான் கை விளங்கும். நெல் அளக்கிற இடத்தில் இருந்து வந்த பழக்கம். வயதான பெண்கள் எல்லாம் அப்படித்தான் எண்ணுவார்கள். ரஞ்சனி அக்கா மட்டும் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எண்ணுவாள். நான் முதல்முறையாக எண்ண உட்கார்ந்ததால் பெத்தம்மாள் அக்கா சொன்னபடி லாபம் என்றே தொடங்கினேன். வாய்விட்டு அல்ல, மனதுக்குள். ஒவ்வொரு நாளும் எத்தனை கட்டு கட்டினேன் என்பதை வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ரஞ்சனி அக்கா திருப்பி மடித்துத் தருவதற்காக அல்ல. அவளுக்காக நான் செய்தது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

நாலைந்து நாள் கழித்து மேனேஜர் உப்பிலி சார் எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பதினாலுக்கு மட்டும் துணி பத்த மாட்டேங்குது. எல்லாருக்கும் ஒரே எடைதான் குடுக்குறோம். என்ன பண்றீங்க?”

“ரெண்டு பேரும் துணியத் தின்னுதியளா?” என்றார் பெத்தம்மாள் அக்கா. ஹாலே சிரித்தது. ரஞ்சனி அக்கா கைடைத் துணிக் குவியலுக்குள் தள்ளிவிட்டு, “வெட்டுற எடத்துல கொறச்சு அனுப்புதாவ சார்” என்றாள். சார் வெட்டுகிற இடத்துக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இயற்பியல் போதும் என்று சொல்லிவிட்டு, பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்தாள். செவிலியர் வேலைக்கான மனப்பாங்கைப் பார்க்கும் கேள்விகள் அதில் கடைசியில் இருந்தன. நான் வாசித்தேன்.

“ஆபரேஷனுக்கு முன்னால நர்ஸ் ஒரு காஜ் கட்டப் பிரிக்காங்க. பத்துன்னு போட்டிருக்கு. எண்ணுனா பதினொண்ணு இருக்கு. என்ன செய்யணும்? ஒண்ணு, அப்படியே பயன்படுத்தலாம். ரெண்டு, ஒண்ண எடுத்துட்டுப் பத்தாக்கலாம். மூணு, முழுக் கட்டையும் ஒதுக்கணும். நாலு, டாக்டர்ட்டக் கேக்கணும்.”

“மூணு.”

“ஒண்ண எடுத்துட்டாப் போதாதா?”

“போதாது. தப்பா வந்த கட்ட எதுலயும் நம்பக் கூடாது. அது அங்க இருந்தாலே கணக்குக் கொழம்பும்.” அவள் டிபன் பாக்ஸை மூடியபடி சொன்னாள். “யோசிச்சுப் பாரு. பத்துன்னு நம்பி எண்ணாம உள்ள எடுத்துட்டாவ. உண்மையில பதினொண்ணு. முடிச்சுட்டு வெளிய வந்தத எண்ணுதாவ. பத்து இருக்கு. சரியா இருக்குன்னு வயித்தத் தச்சிருவாவ. ஒண்ணு உள்ள கெடக்கும். எக்ஸ்ரே எடுக்கணும்னுகூட யாருக்கும் தோணாது. கணக்குதான் சரியா இருக்கே.”

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். என் கட்டுகளில் பத்துதான் இருக்கும் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்பாவின் வண்டிக்குப் போனேன். என் அத்தா அசன் முகம்மது முன்பு வத்திராயிருப்பில் தோப்புக் குத்தகை எடுத்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். மாம்பழ சீசன். கோயில் தெருவில் இருந்து வரும் பத்மாசனி மாமி பத்துப் பழம் கேட்டார். நான் பையை விரித்துப் பிடித்தேன். அத்தா ஒவ்வொன்றாகப் போட்டார்.

“லாபம்… ஒண்ணு… ரெண்டு… மூணு…”

பத்து என்று முடித்ததும் மாமி பையைப் பார்த்தார்.

“பாய், பதினொண்ணு போட்டுட்டேளே.”

“லாபம் கணக்குல வராதும்மா. அது அல்லா பேரால உங்களுக்கு.”

மாமி சிரித்துக்கொண்டே பையை வாங்கினார். நான் பையை விடவில்லை. “விடும்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டேன்.

மற்றவர்களுக்கு லாபம் என்றால் ஒன்று. அதற்கு அடுத்தது ரெண்டு. எங்கள் அத்தாவுக்கு மட்டும் லாபம் ஒன்றுக்கு முன்னால் வருவது. நான் பேசப் பழகும் முன்பே அந்த வண்டியில்தான் எண்ணப் பழகினேன். மேஜையில் உட்கார்ந்து மனதுக்குள் நான் எண்ணியதும் அதே மாதிரிதான். லாபம், ஒன்று, இரண்டு. பத்து வரை.

“என்னம்மா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? பழம் வேணுமா?” என்று அத்தா கேட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துக் கூட்டினேன். பதினோரு நாளில் ஆயிரத்து எழுநூற்று அறுபது கட்டு. அதில் அறுநூறு கட்டு புதன்கிழமையே சின்ன வண்டியில் மதுரைக்குப் போயிருந்தது. மற்றவை சனிக்கிழமை சாயந்தரம் லாரியில் போகும்.

சனிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் ஹாலுக்குள் போய் ஒரு கட்டைப் பிரித்தேன். பதினொன்று. இன்னொன்று. பதினொன்று. மூன்றாவதைப் பாதி எண்ணும்போதே தெரிந்துவிட்டது.

கை கழுவும் குழாயடியில் ரஞ்சனி அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, கட்டுல பதினொண்ணு இருக்கு.”

“எந்தக் கட்டுல?”

“எல்லாத்துலயும்.”

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் விளையாட மாட்டேன் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அத்தாவின் வண்டியைப் பற்றிச் சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை.

“யார்ட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“இன்னைக்குச் சொல்லாத. சப்ரீன், நல்லாக் கேளு. அஞ்சர பஸ்ஸுக்கு நான் மதுரைக்குப் போணும். நைட்டு சித்தி வீட்ல தங்கி, காலைல எட்டு மணிக்குள்ள சென்டருக்குள்ள போயிரணும். இப்பச் சொன்னா நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சிருவாவ. நம்ம நம்பர்லா? நாமதான் பிரிச்சு எண்ணணும். இன்னைக்கு முடியாது, நாளைக்கும் முடியாது. திங்கக்கெழம நானே வந்து சொல்லுதேன். தப்பு என்னோடதுன்னு சொல்லுதேன்.”

“லாரி போயிருமே.”

“போன் போட்டு நிறுத்திக்கிடலாம். அங்க நர்சுங்க எண்ணாமலா போடுவாவ?”

சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் தெறித்திருந்தது. நான் குழாயை மூடினேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் எல்லாரும் அதைச் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் கைடைத் திறக்கவில்லை. நான் மடிக்க மடிக்க, பழையபடி வாய்விட்டு எண்ணிக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் பத்து. இடையிடையே என்னைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. பெத்தம்மாள் அக்கா பெட்டிகளில் மார்க்கரால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மேஜை, பத்தாம் மேஜை. நான் எழுந்தேன். “சப்ரீன்” என்று பின்னால் மெதுவாகக் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

“என்னட்டி, பாத்ரூமா?” என்றார் பெத்தம்மாள் அக்கா.

வாய் திறந்தேன். வரவில்லை. அவர் மறுபடி பெட்டியின் மேல் குனிந்தார். பதினாலாம் நம்பர் பெட்டியில் இருந்து ஒரு கட்டை எடுத்து, நூலை அவிழ்த்து, அவர் எழுதிக்கொண்டிருந்த பெட்டியின் மேலேயே ஒரு துண்டை வைத்தேன்.

“ஒண்ணு” என்றேன்.

அடுத்த துண்டை வைத்தேன். “ரெண்டு.”

என் குரலை நானே கேட்டேன். யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தேன். பத்தாவது துண்டை வைத்த பிறகும் கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

“பதினொண்ணு” என்றேன்.

பெத்தம்மாள் அக்கா தானே ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். அடுத்து இன்னொன்று. பிறகு உப்பிலி சாரைக் கூப்பிட்டார்.

“யாரு எண்ணுனது?” என்றார் சார்.

“நான்.”

“மடிச்சது?”

“நான்.”

“அப்ப அந்த மேஜையில இன்னொருத்தி எதுக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அக்கா மேல தப்பு இல்ல சார், கணக்கு எனக்குத்தான் தெரியல என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை வந்தது, மூன்றாவது வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றேன். சார் எங்கள் மேஜைக்குப் போனார். துணிக் குவியலை விலக்கியதும் கைடு தெரிந்தது. அவர் கத்தவில்லை. கைடைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

லாரியை நிறுத்தச் சொன்னார். மதுரைக்குப் போன் போட்டார். புதன்கிழமை போன அறுநூறில் நானூற்று எண்பது கட்டு குடோனில் பிரிக்காமல் இருந்தது. நூற்று இருபது கைமாறிப் போய்விட்டது. எந்த ஊருக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார்களாம். போனை வைத்துவிட்டு சார் எங்கள் பக்கம் திரும்பினார்.

“பதினாலு பூராப் பிரிச்சு எண்ணி முடிக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் போகக் கூடாது. நாளைக்கும் வரணும்.”

“சார், நாளைக்கு அந்தப் புள்ளைக்குப் பரீட்ச” என்றார் பெத்தம்மாள் அக்கா. “லாபம்னு ஆரம்பின்னு இவளுக்குச் சொன்னது நான். அவளுக்குப் பதிலா நான் உக்காருதேன்.”

“நீங்க உக்காருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா போறவ திங்கக்கிழமை வர வேண்டாம். நர்சுக்குப் படிக்கிற பொண்ணு, எண்ணாத கட்டுல தன் நம்பரப் போட்டு அனுப்பிருக்கு.”

பதிலுக்குப் பதில் சொல்லுகிறவள், சார் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரிந்தவள், ரஞ்சனி அக்கா, அன்றைக்குப் பேசாமல் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பெத்தம்மாள் அக்கா பெட்டியைக் கவிழ்த்தார். நான் நூலை அவிழ்த்துக் கொடுத்தேன். ரஞ்சனி அக்கா எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் பதினொன்றாவது துண்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பத்தை மறுபடி ஒரு தடவை எண்ணிக் கட்டினாள். தனியாக வைத்தவை குவிந்துகொண்டே வந்தன. மணி நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. மற்ற மேஜைக்காரர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

“போ தாயி” என்றார் பெத்தம்மாள் அக்கா. “போய் எழுது. வேல என்ன, வேற கெடைக்கும்.”

அவள் கையில் இருந்த கட்டை எண்ணி முடித்தாள். முடிச்சுப் போட்டாள். பதினாலு என்று எழுதிய சீட்டைச் செருகினாள். பையை எடுத்து, கைடை உள்ளே வைத்தாள். நல்லா எழுதுக்கா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெத்தம்மாள் அக்கா அடுத்த கட்டை என் முன்னால் தள்ளினார். “நான் பிரிச்சுத் தாரேன், நீ எண்ணு. எனக்குக் கேக்கணும்.”

நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. உரக்கத்தான் எண்ணினேன், வாசல் வரைக்கும் கேட்கட்டும் என்று. பத்து என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் என் செருப்பும் பெத்தம்மாள் அக்காவின் செருப்பும் மட்டும் கிடந்தன.